கன்ட்ரோலர் பெட்டி வேண்டுமா, வேண்டாமா: அலுவலக வைஃபை வாங்கும் முன்

கேள்வி இதுதான். மூன்று மாடி அலுவலகம், அதை ஒட்டி ஒரு கிடங்கு. மொத்தம் 26 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைத் தரும் கருவி, சுருக்கமாக ஏ.பி.) வேண்டும் என்று இடத்தை அளந்து சொல்லிவிட்டார்கள். அவற்றை எல்லாம் ஒரே இடத்திலிருந்து இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி ஒன்றை சர்வர் அறையில் வைத்தே தீர வேண்டும் என்கிறார் ஒரு விற்பனையாளர். அதெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு, இப்போது கன்ட்ரோலரே தேவையில்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இந்த வேலையிலேயே பல வருஷங்களாக இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலர் இல்லாத வைஃபை என்று ஒன்று கிடையாது. அது செய்கிற வேலையை எங்கேயாவது, ஏதாவது ஒன்று செய்துதான் ஆக வேண்டும். தனிப் பெட்டி செய்யலாம், ஆக்சஸ் பாயின்ட்டுகளே தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம், இணையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோ ஒருவருடைய சர்வர் செய்யலாம். ஆகவே இரண்டு விற்பனையாளர்களிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: எந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது, அந்த இடம் செத்துப்போனால் எங்கள் ஆட்களுக்கு என்ன ஆகும்? இதற்குத் தெளிவான பதில் வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கன்ட்ரோலர் ஏன் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் மீதி புரியும். 1999-ல் 802.11பி என்ற வைஃபை தரம் வந்த புதிதில் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் தனிக்குடித்தனம்தான். பாஸ்வேர்டை மாற்றுவதென்றால் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து மாற்ற வேண்டும். பக்கத்து ஏ.பி. எந்த சேனலில் பேசுகிறது என்பது இதற்குத் தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஐம்பது ஏ.பி. மாட்டிய கட்டடத்தில் அந்த மூன்றைக் கையால் பங்கிட்டு முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும், அடுத்த வாரமே யாராவது ஒரு தடுப்புச் சுவரை எழுப்பி எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் 2001-ல் ஏர்ஸ்பேஸ், 2002-ல் அருபா என்ற நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. ஏ.பி.யை வெறும் கை கால் ஆக்கி, மூளையை ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். 2005-ல் ஏர்ஸ்பேஸை சிஸ்கோ வாங்கியது. ஏர்ஸ்பேஸ் எழுதிய நெறிமுறையை அடித்தளமாக வைத்து ஏ.பி.யும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் கேப்வாப் என்ற பொது நெறிமுறை உருவாகி, 2009-ல் ஆர்.எஃப்.சி. 5415 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. கட்டளைகள் யு.டி.பி. 5246 என்ற வாசல் எண் வழியாகவும் பயனர்களின் தரவு 5247 வழியாகவும் போகும். இந்த இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். நடுவில் இருக்கும் ஃபயர்வாலில் இவற்றில் ஒன்று அடைபட்டுக் கிடந்து, புத்தம்புது ஏ.பி. கன்ட்ரோலரையே கண்டுபிடிக்காமல் திரும்பத் திரும்ப ரீபூட் ஆவதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அதே 2009-ல்தான் 802.11என் தரமும் முடிவானது. அதற்கு முன் அதிகபட்சம் வினாடிக்கு 54 மெகாபிட், இதிலோ ஏட்டளவில் 600. அத்தனை ஏ.பி.க்களின் போக்குவரத்தும் ஒரே பெட்டிக்குள் புகுந்து வெளியே வர வேண்டும் என்றால் பெட்டி திணறும், அதற்குப் போகும் கேபிளும் திணறும். 2006-ல் தொடங்கிய ஏரோஹைவ் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது: பெட்டியே வேண்டாம், ஏ.பி.க்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்றது. அதே ஆண்டு பிறந்த மெராக்கி நிர்வாகத்தை கிளவுடுக்குக் கொண்டுபோனது. 2012-ல் மெராக்கியையும் சிஸ்கோவே வாங்கிக்கொண்டது. கன்ட்ரோலர் விற்று வளர்ந்த நிறுவனங்களும் பிறகு அந்த மூளையை ஏ.பி.க்குள்ளேயே வைத்து விற்கத் தொடங்கின. அருபா இன்ஸ்டன்ட், ரக்கஸ் அன்லீஷ்டு எல்லாம் அந்த வகைதான்.

சரி, அந்த மூளை செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று நிர்வாகம்: பெயர், பாஸ்வேர்டு, ஃபர்ம்வேர் (ஏ.பி.க்குள் ஓடும் மென்பொருள்), யார் எங்கே இணைந்திருக்கிறார் என்ற கணக்கு. இன்னொன்று கட்டுப்பாடு: எந்த ஏ.பி. எந்த சேனல், எவ்வளவு சக்தி, ஓர் ஆள் ஓர் ஏ.பி.யிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது அவருடைய மறையீட்டுச் சாவியை யார் கைமாற்றுவது. மூன்றாவது தரவு: உங்கள் ஆட்கள் அனுப்பும் கோப்பும் பேச்சும் எந்த வழியாகப் போகின்றன. விற்பனையாளர்கள் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் குழப்பம். மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தரவின் பாதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னைக் கேட்டால் முடிவை நிர்ணயிப்பது இதுதான்.

கன்ட்ரோலர் முறையின் மூல வடிவத்தில், ஏ.பி.க்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு டனலுக்குள் வைத்து மூடப்பட்டு கன்ட்ரோலருக்குப் போகிறது. அங்கேதான் உறை பிரிக்கப்பட்டு, உரிய விலானில் (ஒரே கேபிளுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) விடப்படுகிறது. இரண்டாம் மாடியில் இருப்பவர் பக்கத்து மேஜையில் இருக்கும் பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்பினாலும் அது கீழே சர்வர் அறைக்குப் போய்த் திரும்பி மேலே வர வேண்டும். வீண் அலைச்சல் மாதிரித் தெரியும். ஆனால் இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நடுவில் உள்ள, நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்சுகளுக்கு உங்கள் வைஃபையில் எத்தனை விலான் என்று தெரியவே வேண்டாம். ஏ.பி. மாட்டும் போர்ட்டில் ஒரே ஒரு விலான் இருந்தால் போதும். ஊழியர், விருந்தினர், கிடங்குக் கருவிகள் என்ற பிரிவினை எல்லாம் கன்ட்ரோலரில் மட்டும். விருந்தினர் போக்குவரத்து உள் நெட்வொர்க்கைத் தொடாமல் டனலுக்குள்ளேயே பயணம் செய்து நேராக ஃபயர்வாலின் வெளிப்பக்கம் போய் இறங்கும்படியும் செய்யலாம்.

கன்ட்ரோலர் பெட்டி இல்லாத முறையில் ஏ.பி. அந்தப் போக்குவரத்தைத் தன் போர்ட்டிலேயே ஸ்விட்சிடம் ஒப்படைத்துவிடுகிறது. குறுக்கு வழி, வேகம். ஆனால் அதற்கு எல்லா ஏ.பி. போர்ட்டிலும் எல்லா விலானும் வந்திருக்க வேண்டும், மாடி ஸ்விட்சுகளுக்கு நடுவில் போகும் கேபிள்களிலும்கூட.

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை இப்படிப்பட்ட நெட்வொர்க் ஒன்றில் ஒரு விசித்திரமான புகார் வந்தது. ஓர் அதிகாரி தன் அறையிலிருந்து கூட்ட அறைக்கு லேப்டாப்பைத் திறந்தபடியே நடந்து போவார். வைஃபை சிக்னல் முழுசாக இருக்கும், ஆனால் எதுவும் திறக்காது. திரும்பித் தன் அறைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். விருந்தினர் வைஃபையில் இணைந்தால் கூட்ட அறையிலும் நன்றாக ஓடும். ஏ.பி.யை மாற்றிப் பார்த்தார்கள், சேனலை மாற்றிப் பார்த்தார்கள், லேப்டாப்பின் டிரைவரையும் மாற்றினார்கள். கடைசியில் கூட்ட அறைக்கு மேல் இருந்த ஏ.பி.யின் ஸ்விட்ச் போர்ட்டைப் பார்த்தேன். விருந்தினர் விலான் இருந்தது, ஊழியர் விலான் இல்லை. யாரோ பழுதான ஸ்விட்சை மாற்றும்போது அந்த ஒரு போர்ட்டில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஏ.பி. அவரை அன்போடு வரவேற்று, சாவியைச் சரிபார்த்து, இணைத்துக்கொண்டு, அவர் அனுப்பியதை எல்லாம் ஸ்விட்சிடம் கொடுத்தது. ஸ்விட்ச் அதை வாங்காமல் கீழே போட்டது. டனல் முறையில் இந்தக் கோளாறு வரவே வாய்ப்பில்லை.

ஆகவே உங்கள் ஸ்விட்சுகள் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் சொந்த ஆள், ஒழுங்காக ஆவணம் வைத்துப் பராமரிக்கிறார் என்றால் பெட்டி இல்லாத முறை தாராளமாக நடக்கும். கட்டட உரிமையாளரின் ஸ்விட்சுகள், யார் எப்போது மாற்றுவார்கள் என்றே தெரியாது என்றால், டனல் போடும் கன்ட்ரோலருக்கு மதிப்பு அதிகம். இதற்கும் ஏ.பி. எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. பத்து ஏ.பி. இருக்கும் இடத்திலும் இதே கதைதான்.

அடுத்தது ரோமிங், அதாவது நடந்துகொண்டே ஓர் ஏ.பி.யிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. உங்களுக்குக் கிடங்கு இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் ஏ.பி.யை விட்டு அடுத்ததற்குப் போகலாமா என்று முடிவு செய்வது கையில் இருக்கும் கருவிதான். கன்ட்ரோலர் இல்லை. 2008-ன் 802.11கே கருவிக்குப் பக்கத்து ஏ.பி.க்களின் பட்டியலைத் தரும். 2011-ன் 802.11வி "அந்தப் பக்கம் போனால் நல்லது" என்று யோசனை சொல்லும். கேட்பதும் கேட்காததும் கருவியின் இஷ்டம். அதனால் "எங்கள் கன்ட்ரோலர் கருவிகளைக் கையைப் பிடித்து நகர்த்தும்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நெட்வொர்க்கின் கையில் இருப்பது வேறொன்று: கருவி நகர முடிவு செய்த பிறகு எவ்வளவு சீக்கிரம் அதை உள்ளே விடுவது.

கிடங்கில் ஒருவர் கையில் ஸ்கேனரோடு அலமாரி வரிசைகளுக்கு நடுவே நடக்கிறார் என்று வையுங்கள். ஒரு வரிசையின் முனையில் திரும்புகிறார். முதுகுக்குப் பின்னால் போன ஏ.பி.யை இரும்பு அலமாரியும் சரக்கும் சட்டென்று மறைத்துவிடுகின்றன. ஸ்கேனர் புது ஏ.பி.யைத் தேர்ந்தெடுக்கிறது. உங்களிடம் ஆளுக்கொரு கணக்கு வைத்து, ஆளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வழியாக நுழையும் முறை இருந்து, வேறு ஏற்பாடு எதுவும் இல்லை என்றால், ஸ்கேனர் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டும். ஏ.பி. வழியாக ரேடியஸ் சர்வருக்குப் பலமுறை போய் வர வேண்டும். சர்வர் தொலைவில் இருந்தால் அரை வினாடிகூட ஆகலாம். ஸ்கேனரில் ஒரு பார்கோடு திரும்ப அடிக்க வேண்டியதோடு போய்விடும். தொலைபேசிப் பேச்சாக இருந்தால் நடுவில் ஒரு சொல்லே காணாமல் போகும். ரோமிங் 50 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும் என்று குரல் நெட்வொர்க் போடுகிறவர்கள் குறி வைப்பது இதனால்தான்.

இதற்கு மருந்து 2008-ல் வந்த 802.11ஆர். முதல் முறை நுழையும்போதே உருவான மூலச் சாவியிலிருந்து ஒவ்வோர் ஏ.பி.க்கும் ஒரு கிளைச் சாவி செய்து கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு நகரும்போது நான்கே நான்கு செய்திகள், ரேடியஸ் பக்கமே போக வேண்டாம். கன்ட்ரோலர் இருந்தால் சாவிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் பங்கீடு சுலபம். பெட்டி இல்லாத முறையில் ஏ.பி.க்கள் தங்களுக்குள் சாவிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. நல்ல தயாரிப்புகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற எளிய முறையில் ரேடியஸே கிடையாது என்பதால் ரோமிங் ஏற்கெனவே ஓரளவு வேகம்தான். ஆக, 26 ஏ.பி. அளவில் ரோமிங்குக்காக மட்டும் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும்போது ஐ.பி. வரம்பே மாறினால், அதாவது அலுவலகம் ஒரு சப்நெட், கிடங்கு வேறு சப்நெட் என்று பிரித்திருந்தால், கருவியின் முகவரி செல்லாததாகிவிடும். நடந்துகொண்டே பேசுகிறவரின் அழைப்பு அந்த வாசலில் அறுந்துபோகும். டனல் கன்ட்ரோலர் இதைத் தானாகச் சமாளித்துவிடும்: ஆள் எங்கே போனாலும் அவருடைய போக்குவரத்து பழைய விலானிலேயே வந்து இறங்கும். பெட்டி இல்லாத முறைகளில் சிலவற்றில் இதற்கென்று தனி அமைப்பு உண்டு, சிலவற்றில் கிடையாது. அதோடு, ஏ.பி.க்குள்ளேயே மூளை இருக்கும் தயாரிப்புகளில் மூளையைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்த ஏ.பி.க்கள் எல்லாம் பொதுவாக ஒரே விலானில் ஒன்றையொன்று பார்க்கும்படி இருக்க வேண்டும். அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் ரவுட்டர் இருந்தால் அவை இரண்டு கூட்டங்களாகப் பிரிந்துவிடும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது, வாங்கிய பிறகு கேட்டால் பயன் இல்லை.

இனி, செத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். ஓரிடத்தில் மாலை நேரத்தில் கன்ட்ரோலரின் பவர் சப்ளை போய்விட்டது. மாற்றுப் பெட்டி வாங்கவில்லை, செலவு மிச்சம் என்று அப்போது முடிவெடுத்திருந்தார்கள். கூரையில் எல்லா ஏ.பி.யிலும் விளக்கு எரிகிறது, எதிலும் வைஃபை பெயர் மட்டும் இல்லை. எல்லாத் தரவும் டனல் வழியாகப் போகும் அமைப்பு என்பதால், கன்ட்ரோலரை இழந்த ஏ.பி.க்கள் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, இன்னொரு கன்ட்ரோலரைத் தேடி ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தன. இரவு ஷிப்ட் முழுவதும் சரக்குக் கணக்கைக் காகிதத்தில் எழுதினார்கள். மறுநாள் அதை எல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நான் சொல்வது, கன்ட்ரோலர் பெட்டி வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்க முடியும் என்றால் அந்த முறைக்கே போக வேண்டாம். கன்ட்ரோலர் போனாலும் ஏ.பி. உள்ளூரிலேயே தரவைக் கையாளும்படி அமைக்கும் வசதி பல தயாரிப்புகளில் உண்டு, சிஸ்கோவில் அதற்குப் பெயர் ஃப்ளெக்ஸ்கனெக்ட். ஆனால் அப்படி அமைத்தால் மேலே சொன்ன விலான் சௌகரியத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ஏ.பி.க்குள் மூளை இருக்கும் முறையில் தலைமை ஏற்றிருக்கும் ஏ.பி. போனால் மற்றவை கூடி வேறொன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மற்ற ஏ.பி.க்களில் இணைந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கிளவுட் நிர்வாகத்தில் இணையம் போனாலும் உள்ளூர்ப் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும், அமைப்புகளை மாற்றத்தான் முடியாது. அங்கே ஒரு பொறி இருக்கிறது: ஆளைச் சரிபார்க்கும் சர்வரோ விருந்தினர் நுழைவுப் பக்கமோ கிளவுடில் இருந்தால், புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. காலையில் இணையம் இல்லாத நேரத்தில் எல்லோரும் வேலைக்கு வந்து லேப்டாப்பைத் திறக்கும்போதுதான் அது தெரியவரும். லைசென்ஸ் விஷயத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் காலாவதியானால் ஆதரவு மட்டும் நிற்குமா, ஏ.பி.யே வேலை செய்வதை நிறுத்துமா? இரண்டு வகையும் சந்தையில் இருக்கின்றன.

ஃபர்ம்வேர் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 அக்டோபரில் மாத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர் க்ராக் என்ற பலவீனத்தை வெளியிட்டார். வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ.2-வின் சாவிப் பரிமாற்றத்தில் இருந்த ஓட்டை அது. பெரும்பகுதி பாதிப்பு கருவிகளின் பக்கம்தான். ஆனால் 802.11ஆர் இயங்கும் ஏ.பி.க்களும் நேரடியாகப் பாதிக்கப்பட்டன. வேக ரோமிங் போட்டிருந்த எல்லோரும் அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அத்தனை ஏ.பி.க்கும் உடனே புது ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். ஒரே இடத்திலிருந்து நிர்வாகம் செய்தவர்கள் அந்த வாரத்திலேயே முடித்தார்கள். தனித்தனி ஏ.பி.க்களை வைத்திருந்தவர்களில் பலர் முடிக்கவே இல்லை. அதனால் பெட்டியோ, ஏ.பி.க்குள்ளேயோ, கிளவுடோ, எதை வேண்டுமானாலும் எடுங்கள், மையமான நிர்வாகம் மட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது. ஏ.பி.க்களை வீட்டு ரவுட்டர் போல ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவதை மட்டும் இந்த அளவு இடத்தில் யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஏ.பி.க்குள் மூளை வைக்கும் முறையில் இதோடு சேர்ந்த ஒரு தொல்லை உண்டு. கூட்டத்தில் எல்லா ஏ.பி.யும் ஒரே ஃபர்ம்வேர் பதிப்பில் இருக்க வேண்டும். நாலு வருஷம் கழித்து ஒன்று பழுதாகி, அதே மாடல் கிடைக்காமல் புது மாடல் வாங்குவீர்கள். புதியதற்குப் பழைய பதிப்பு பொருந்தாது, பழையவற்றுக்குப் புதிய பதிப்பு வராது. இரண்டும் ஒரே கூட்டத்தில் சேராது. வாங்கும்போதே இரண்டு மூன்று ஏ.பி. கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் இடத்துக்கு. ஸ்விட்சுகள் உங்களுடையவை, அலுவலகமும் கிடங்கும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன, ஏ.பி. எண்ணிக்கை அடுத்த சில வருஷங்களில் ஐம்பதைத் தாண்டாது என்றால், பெட்டி வாங்காதீர்கள். ஏ.பி.க்குள் மூளை இருக்கும் முறையையோ கிளவுட் நிர்வாகத்தையோ எடுங்கள். மிச்சமாகும் தொகையை நல்ல ஸ்விட்சுக்கும், அலமாரிகளில் சரக்கு நிரம்பியிருக்கும்போது கிடங்கை மறுபடி அளப்பதற்கும் செலவழியுங்கள். காலி அலமாரிகளை வைத்து எடுத்த அளவு சரக்கு வந்த பிறகு பொய்யாகிவிடும். வேறு வேறு சப்நெட்டுகளில் நடந்துகொண்டே பேசும் ஆட்கள் இருக்கிறார்கள், ஸ்விட்சுகள் பிறர் கையில் இருக்கின்றன, விருந்தினர் போக்குவரத்து உள் நெட்வொர்க்கைத் தொடவே கூடாது என்று தணிக்கை கேட்கிறது, இவற்றில் ஒன்று உண்மை என்றாலும் முதல் விற்பனையாளர் சொன்ன கன்ட்ரோலரைத் தீவிரமாக யோசியுங்கள், இரண்டு பெட்டிகளாக.

கையெழுத்துப் போடும் முன் இருவரையும் உங்கள் இடத்திலேயே நாலு ஏ.பி. மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், அவற்றில் இரண்டு கிடங்கில். பிறகு கன்ட்ரோலரின் கேபிளை, அல்லது தலைமை ஏ.பி.யின் கேபிளை, அல்லது இணையக் கேபிளை நீங்களே பிடுங்குங்கள். பிடுங்கும்போது கிடங்கின் கடைசி வரிசையில் ஒருவர் ஸ்கேனரோடு நடந்துகொண்டிருக்கட்டும், இன்னொருவர் அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்து புதிதாக இணையட்டும்.